54 இஞ்ச் கூண்டும் 5 கிலோ குட்டியும்: ராஜபாளையம் நாய் வளர்த்த ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

நாய்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கோவையில் ஒரு வீட்டில் கூண்டு வாங்கியதில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன். வீட்டுக்காரர்கள் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள். இதே கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள், "சார், பெரிய பிரீட், எந்த சைஸ் கேஜ் வாங்கறது?" என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடத்தான் ஆசை, ஆனால் ஒரு வரியில் சொன்ன பதிலால்தான் இந்த வீட்டில் ஒரு குட்டி ஒன்றரை மாதம் அவதிப்பட்டது.

பின்னணி

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. கணவன் மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும். வீட்டில் எப்போதும் இருப்பவர் கணவரின் அப்பா, வயது எழுபதை ஒட்டி. குட்டி வந்ததே அவர் ஆசைக்காகத்தான். சின்ன வயதில் அவர்கள் தோட்டத்தில் ஒரு ராஜபாளையம் இருந்ததாம், அதே போல வெள்ளையாக ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஜனவரிக் கடைசியில் ராஜபாளையத்திலிருந்தே ஒரு ஆண் குட்டியைக் காரில் கொண்டுவந்தார்கள். எட்டு வார வயது, ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

ஓடுவதற்கென்றே வளர்த்த வேட்டை நாயை மூன்றாவது மாடியில் வைப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெரியவர் காலையும் மாலையும் நடக்கிறவர், சொந்தத் தோட்டம் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது, வாரக் கடைசியில் அங்கே போய்விடுகிறார்கள். அதனால் நான் அதற்கு மேல் பேசவில்லை. எல்லா வீட்டுக்கும் இதே பதிலைச் சொல்லிவிட மாட்டேன்.

முதல் கூண்டு

குட்டி வருவதற்கு முன்னாலேயே கூண்டு வந்துவிட்டது. அதே குடியிருப்பில் கிரேட் டேன் என்கிற ராட்சத நாய் வளர்த்த ஒரு குடும்பம் வீடு மாறிப் போகும்போது அவர்களுடைய 54 இஞ்ச் கம்பிக் கூண்டைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். மடக்கி வைக்கிற மாதிரி, இரண்டு கதவு, அடியில் பிளாஸ்டிக் ட்ரே. நீளம் 137 செ.மீ., அகலம் 94, உயரம் 114. இந்தக் கூண்டுகளோடு நடுவில் மாட்டுகிற ஒரு தடுப்புக் கம்பி வரும், டிவைடர் என்பார்கள். அது வீடு மாறுகிற அவசரத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தேடவும் இல்லை.

பெரியவர் சொன்ன கணக்கு நம் வீடுகளில் எல்லாரும் போடுகிற கணக்குதான். "வளர்ற பையனுக்கு யூனிஃபார்ம் தெச்சா ரெண்டு சைஸ் பெருசா தெக்கறதில்லீங்களா தம்பி, அந்த மாதிரிதான். பெருசா வாங்கிட்டா ஒரே செலவோட போயிரும்." சட்டைக்கு இது பொருந்தும், தொளதொளவென்று இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். கூண்டை மடித்துத் தைக்க முடியாது.

ஐந்து கிலோ குட்டிக்கு 137 க்கு 94 என்பது ஒரு அறை. மூன்றாவது நாளே அது அந்த அறையைப் பிரித்துக்கொண்டது. கதவுப் பக்கம் பழைய போர்வை, அங்கே தூக்கம். பின்மூலையில் மூத்திரமும் ஆயும். "எவ்வளவு புத்திசாலி பாருங்க, தனியா பாத்ரூம் வெச்சுக்கிட்டான்" என்று முதல் வாரம் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம்தான், சந்தேகமில்லை. நாய்க்குட்டிக்குப் படுக்கிற இடத்தை நாசம் செய்யப் பிடிக்காது. கூண்டை வைத்து டாய்லெட் பழக்குவது முழுக்க அந்த ஒரு குணத்தை நம்பித்தான். படுக்கையைத் தாண்டி நாலடி நகர்ந்து போக இடம் கொடுத்துவிட்டால் அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே குட்டிக்கு வராது. நாம் வெளியே கூட்டிப் போகிறவரை காத்திருக்கவும் அது கற்றுக்கொள்ளாது.

தினமும் இரண்டு முறை ட்ரேயை உருவிப் பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். பினாயில் குட்டிக்கு நல்லதில்லை, ஈரமாக இருக்கும்போது பாதத்தில் பட்டு அதை நக்கும். நம் மூக்குக்குச் சுத்தமாகத் தெரிகிற இடம் அதன் மூக்குக்கு இன்னும் பழைய இடம்தான், பினாயில் வாசனை அந்த நாற்றத்தை மூடுகிறதே தவிர எடுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அதே மூலை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கூண்டு

இரண்டு வாரம் போனதும் சிரிப்பு போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவர், பக் என்கிற சின்ன ஜாதி நாய் வளர்க்கிறவர், "கூண்டு சின்னதா இருந்தாத்தான் அடக்கும்" என்று சொல்லியிருக்கிறார். விஷயம் சரிதான், பாதி. அன்றைக்கே போய் 24 இஞ்ச் கூண்டு ஒன்று வாங்கி வந்தார்கள். உள்ளளவு நீளம் 61 செ.மீ., உயரம் 48.

பத்து வாரக் குட்டிக்கு அன்றைய தேதியில் அது ஏறக்குறையச் சரியான அளவுதான். முதல் பத்து நாள் பிரமாதம், கூண்டில் ஒரு சொட்டு இல்லை. பெரிய கூண்டை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் ராஜபாளையம் குட்டி அந்த வயதில் வாரத்துக்கு வாரம் நீளும். பன்னிரண்டாவது வாரம் இரவில் அனத்தல் தொடங்கியது. உள்ளே விட்டால் போக மறுப்பு, பிஸ்கட் காட்டினால் முன்னங்கால் இரண்டும் உள்ளே, பின்னங்கால் வெளியே. பிடிவாதம் என்று நினைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வினோதமான சத்தம் கேட்டுப் பெரியவர் எழுந்து போய்ப் பார்த்தால் குட்டியின் கழுத்துப் பட்டையில் அழகுக்குக் கட்டியிருந்த சலங்கை பக்கத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டு, அது திரும்பத் திரும்பப் பட்டை முறுக்கி, குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பக்கிளைக் கழற்றக்கூட இடமில்லை, கத்தரிக்கோல் கொண்டுவந்து பட்டையை வெட்டியிருக்கிறார். கழுத்தில் முடி உரிந்து ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவோடு போயிற்று.

அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது.

நான் பார்த்தது

மார்ச் முதல் வாரம், குட்டிக்குப் பதின்மூன்று வாரம், பத்து கிலோ. வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையங்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் கூப்பிட்டால் வராததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடுவேன். குட்டி முதுகு காட்டிப் படுத்திருந்தபோது சமையலறையிலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினோம். சட்டென்று திரும்பியது. காது பிரச்சினையில்லை.

அப்புறம் கதவைச் சாத்தாமல் சின்னக் கூண்டுக்குள் விட்டுப் பார்த்தேன். தலையைத் தோளுக்குக் கீழே இறக்கிக்கொண்டு நின்றது. உட்காரும்போது முதுகு வளைந்தது. படுத்தபோது நேராகப் படுக்கவே முடியவில்லை, வட்டமாகச் சுருண்டு மூக்கு வாலுக்கடியில், பின்னங்கால் கம்பிக்கு வெளியே ஒரு விரல் நீளம். திரும்ப முயன்றபோது இடுப்பு கம்பியில் உரசி நின்று, பின்னால் நடந்தே வெளியே வந்தது. இது பிடிவாதமில்லை. உள்ளே போனால் கால் நீட்ட முடியாது என்று தெரிந்த ஒரு பிராணி வேறு எப்படி நடந்துகொள்ளும்?

கூண்டு இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பால்கனிக் கதவுக்குப் பக்கம், மேற்குப் பார்த்தது. மூன்று மணி வெயில் நேராகக் கம்பியில் விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது.

அளந்தது

தையல்காரர் டேப் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். குட்டியை நேராக நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை 64 செ.மீ., தரையிலிருந்து உச்சந்தலை வரை 54. வாலைச் சேர்க்கக் கூடாது. 64 செ.மீ. குட்டி 61 செ.மீ. பெட்டிக்குள், 54 செ.மீ. தலை 48 செ.மீ. கூரைக்குக் கீழே. அந்த இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் மருமகள் ஒன்றும் பேசாமல் அந்தக் கூண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

இது இன்றைய அளவு. வளர்ந்த பிறகு எவ்வளவு என்று தெரியாமல் மூன்றாவது கூண்டு வாங்கினால் நான்காவதும் வாங்க வேண்டிவரும். கலப்பு நாயாக இருந்தால் இதைச் சொல்வது கஷ்டம். இங்கே அப்பா அம்மா இரண்டும் ராஜபாளையத்தில் உயிரோடு இருந்தன. குட்டி கொடுத்தவருக்குப் பெரியவர் போன் போட்டார். "அப்பன் 28 இஞ்ச்" என்று உடனே பதில் வந்தது.

இங்கேதான் பலபேர் தவறுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் தவறியிருக்கிறேன். நாய்க்காரர்கள் உயரம் என்று சொன்னால் அது தோள் உயரம். 28 இஞ்ச் என்பது 71 செ.மீ. கடையில் கிடைக்கிற 48 இஞ்ச் கூண்டின் உயரம் சுமார் 84 செ.மீ., ஆக 71 தாராளமாக உள்ளே அடங்கிவிடும், 48 போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நாய் தோளோடு முடிந்துவிடுவதில்லையே. ராஜபாளையத்துக்குக் கழுத்து நீளம், அதைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். தந்தை நாயைச் சுவரோரம் நிறுத்தி உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டு அளந்து சொல்லச் சொன்னோம். மாலையில் கோட்டோடு படமும் வந்தது: 95 செ.மீ. மூக்கிலிருந்து வாலடி 107.

வீட்டுக் கூண்டுக்கு நான் வைத்துக்கொள்கிற கணக்கு எளிது. நீளத்துக்கு 107 க்கு மேல் ஒரு பத்து, உயரத்துக்கு 95 க்கு மேல் ஒரு எட்டு பத்து. 117 க்கு 105. 48 இஞ்ச் கூண்டு நீளத்தில் தேறுகிறது, உயரத்தில் இருபது செ.மீ. குறைகிறது. 54 இஞ்ச் கூண்டு நீளத்தில் கொஞ்சம் அதிகம், உயரத்தில் சரி. அதாவது கட்டிலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த அந்த முதல் கூண்டேதான்.

ஒரு சின்ன விலகல். கடைகளிலும் விற்கிற பக்கங்களிலும் ஒட்டியிருக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் எடையை வைத்துப் போட்டவை, லார்ஜ் என்றால் 42 இஞ்ச் என்று முடித்துவிடுவார்கள். லேபுக்கு, அதாவது லாப்ரடாருக்கு, அது சரியாக இருக்கும், ஆண் லேபே தோளில் 57 செ.மீ. அளவுதான். ஆனால் 32 கிலோ லேபைவிட 26 கிலோ ராஜபாளையத்துக்குப் பெரிய கூண்டு வேண்டும், எடை குறைந்த நாய்க்கு. எடைப் பட்டியல் இதை எப்படிச் சொல்லும்? சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் ஒல்லி நாய்களை வளர்ப்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி காது நிமிர்ந்து நிற்கிற இனமானால் காது நுனி வரை அளக்க வேண்டும். சில நாய்கள் நிற்பதைவிட உட்காரும்போது தலை உயரமாக இருக்கும், ஆகையால் உட்கார வைத்தும் ஒருமுறை அளந்து எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன முடிவு, ஏன்

மூன்று வழி இருந்தது. வளர வளரக் கூண்டு மாற்றிக்கொண்டே போவது, அதாவது 30, 36, 42 என்று ஏறுவது, பணம் வீண். கூண்டே வேண்டாம் என்று விட்டுவிடுவது, அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன், நம் ஊரில் எத்தனையோ நாய்கள் கூண்டைப் பார்க்காமலே நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் இங்கே பெரியவருக்கு முழங்கால் வலி, குட்டி காலுக்குள் புகுந்து ஓடுகிறது, சமையல் நேரத்தில் அரை மணி நேரம் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். மூன்றாவது வழி, பெரிய கூண்டையே தடுத்துப் பயன்படுத்துவது. அதைத்தான் செய்தோம்.

தடுப்பு கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டி வைக்கலாமா என்றார்கள், ஒரே ராத்திரியில் தின்றுவிடும். பிளைவுட்டையும் கடிக்கும், சிலாம்பு வாயில் குத்தும். கடைசியில் தெருமுனை கிரில் பட்டறையில் கொடுத்துச் செய்தோம். கூண்டின் குறுக்குவெட்டு அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம், உள்ளே பற்றவைத்த கம்பி வலை, மேலே இரண்டு பக்கமும் கீழே இரண்டு பக்கமும் கொக்கி. பட்டறைக்காரரிடம் மூன்று விஷயம் சொன்னேன்: வலையின் கண் ஒரு இஞ்சுக்கு மேல் போகக் கூடாது, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையெல்லாம் கிரைண்டரில் தேய்க்க வேண்டும், பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் வேண்டாம் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எப்படியும் நக்கும், கடிக்கும், அதனால் வேண்டாம் என்றேன். எழுநூற்றைம்பது ரூபாய் ஆனது.

கூண்டை வைப்பதற்கு முன்னால் ஹால் தரையில் 137 க்கு 94 மாஸ்கிங் டேப் ஒட்டினோம். ஒட்டியதும்தான் தெரிந்தது, நினைத்த மூலையில் வைத்தால் பூஜை அறைக் கதவு பாதிதான் திறக்கும். டேப்பை மூன்று முறை பிய்த்து ஒட்டி, கடைசியில் சோபாவுக்குப் பின்னால் மின்விசிறிக்குக் கீழே ஒரு இடம் அமைந்தது. வெயில் வராது, எல்லாரும் கண்ணில் படுவார்கள்.

தடுப்பை எங்கே மாட்டுவது? குட்டியின் நீளம் 64, பத்தைக் கூட்டினால் சுமார் 75 என்றுதான் கணக்கு வரும். ஆனால் தடுப்பு கூண்டின் நீளத்தை மட்டும்தான் குறைக்கிறது, அகலம் 94 அப்படியே இருக்கும். குறுக்காகப் படுத்தால் அதிலேயே அது முழுசாகக் கால் நீட்டலாம். 75 க்கு 94 விட்டால் மறுபடியும் ஒரு மூலை மிச்சமாகும். அதனால் 60 இல் மாட்டினேன். குட்டி உள்ளே போனது, நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, குறுக்காகப் படுத்துக் காலை நீட்டியது. பாதத்துக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. அதையே அளவுகோலாகப் பெரியவருக்குச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தூங்கும்போது பார்க்க வேண்டும், நாலு விரல் போகவில்லை என்றால் தடுப்பை ஒரு கண் தள்ள வேண்டும்.

பட்டையும் சலங்கையும் கூண்டுக்குள் கிடையாது. ட்ரேயைப் பினாயில் இல்லாமல் என்ஸைம் கிளீனர் போட்டு ஊறவிட்டுக் கழுவ வேண்டும், மூத்திர வாசனையை எடுப்பதற்கென்றே அது நாய்க் கடைகளில் கிடைக்கிறது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே. தடுப்பூசி முடியாததால் கீழே தெரு நாய்கள் நடமாடுகிற மண்ணில் விட வேண்டாம், குட்டிகளுக்கு உயிராபத்தான பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் மொட்டைமாடியில் ஒரு மூலை. அங்கே துணி காயப்போடுகிற வீட்டார் ஒருவரோடு ஒரு சின்னச் சண்டை வந்து, தினமும் நாங்களே கழுவிவிடுகிறோம் என்று பெரியவர் சமாதானம் செய்தார்.

அடுத்த சில மாதங்கள்

உள்ளே போகப் பயந்திருந்த குட்டியின் பயம் முழுசாகப் போகவே ஒன்பது நாள் ஆனது. கதவைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று வேளைச் சாப்பாடும் உள்ளேயே வைத்தோம். ஐந்தாவது நாள் மத்தியானம் யாரும் சொல்லாமல் அதுவே உள்ளே போய்த் தூங்கியதைப் பெரியவர் வீடியோ எடுத்து அனுப்பினார், மின்விசிறிச் சத்தத்தையும் தூங்குகிற நாயையும் தவிர அதில் ஒன்றுமில்லை, நான்கு நிமிடம் ஓடியது.

இரவு பதினொன்றுக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும். மூன்று மணி வேலை பெரியவருடையது, எப்படியும் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும் என்றார். மூன்றாவது வாரத்திலிருந்து ட்ரே காய்ந்தே இருந்தது. நான்கு மாதத்தில் தடுப்பு 75 க்கு நகர்ந்தது, ஐந்து மாதத்தில் 95 க்கு.

இடையில் ஒரு சறுக்கல். சித்திரையில் விருந்தாளிகள் வந்தபோது ஒருவர், "பாவம், இவ்வளவு இடம் இருக்கே" என்று தடுப்பைக் கழற்றிவிட்டார். மறுநாள் காலை பின்மூலையில் பழைய கதை. திரும்ப மாட்டியதும் நின்றுவிட்டது.

கல்யாண நாள்

இதைத் தனியாக எழுதக் காரணம், இதில் தவறு என்னுடையது.

ஒரு குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்று கேட்டால், வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்வோம். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி. முதல் நாள் இந்தக் கணக்கை நான் வாயால் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அதிகபட்சம், இலக்கு இல்லை, பகலில் அதில் பாதிதான் வைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கவில்லை. மே மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். குட்டிக்கு ஐந்தரை மாதம், கணக்குப்படி ஆறரை மணி நேரம் தாங்கும் என்று அவர்கள் போட்டது கூட்டலில் சரிதான். காலை ஏழுக்குப் பூட்டிவிட்டுப் போய் ஒன்றரைக்கு வந்தார்கள். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுவிட்டது.

வந்து பார்த்தபோது ட்ரே முழுக்க நாசம், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, குட்டி வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. கதவுக் கம்பியில் ரத்தம். பால்பல் விழுந்து முளைக்கிற வயது என்பதால் கம்பியைக் கடித்ததில் ஈறு கிழிந்திருந்தது. டாக்டரிடம் காட்டினார்கள், புதுப் பல்லுக்குச் சேதமில்லை, வெப்ப பாதிப்பும் இல்லை என்றார். அளவு சரியான கூண்டுதான், இடமும் சரிதான், நேரம்தான் தப்பு.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள். யாரும் வீட்டில் இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் கூண்டுக் கதவைச் சாத்துவதில்லை. கூண்டைச் சுற்றிக் கம்பி வேலி ஒன்று போட்டு, கதவு அந்த வேலிக்குள் திறந்திருக்கும்படி விட்டார்கள். கோடையில் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கதவு சாத்துவது அறவே கிடையாது. கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு மாதம் கொஞ்சம் பணம் கொடுத்து நடுவில் வந்து மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

கூண்டின் மேல் மறுபடி நம்பிக்கை வர ஜூன் முழுக்க ஆனது.

முடிவில்

ஆறரை மாதத்தில் தடுப்பு 115 இல் நின்றது. எட்டாவது மாதம் எடுத்துவிட்டோம், அதற்குப் பிறகு உள்ளே ஒருமுறைகூட அசிங்கம் செய்யவில்லை. பதினோரு மாதத்தில் மறுபடி அளந்தேன்: தோள் 71, உச்சந்தலை 94, மூக்கிலிருந்து வாலடி 106, எடை 26 கிலோ. தந்தை நாயின் அளவிலிருந்து ஒரே ஒரு செ.மீ. குறைவு. இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கும், உயரம் இனி பெரிதாக ஏறாது. 114 உயரக் கூண்டில் தலையைத் தூக்கிக்கொண்டே நுழைந்து, திரும்பி, பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து படுக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு மூன்று பக்கமும் பெட்ஷீட் போட்டு மூடி, கதவைத் திறந்தே வைத்தார்கள். முதல் சரவெடிக்கு அதுவே எழுந்து உள்ளே போய்ப் பின்மூலையில், முன்பு கழிவறையாக வைத்திருந்த அதே மூலையில், படுத்துக்கொண்டது. நடுங்கியது, ஆனால் ஓடவில்லை, கட்டிலுக்கடியில் போய்ச் சிக்கவுமில்லை.

மறுபடி செய்தால்

குட்டியைப் பார்க்கப் போகிற அன்றே டேப் எடுத்துப் போகச் சொல்வேன். தாய் தந்தை இரண்டையும், தோளை விட்டுவிட்டு, உச்சந்தலை வரை அளந்து அதற்குப் பிறகுதான் கூண்டு. பழைய கூண்டு வாங்கினால் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பட்டறைச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பைச் சாதா இரும்பில் செய்தது தப்பு, மூத்திரம் பட்டுக் கீழ்ச் சட்டம் நான்காவது மாதமே துருப்பிடித்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. பெயின்ட் இல்லாமல் வேண்டுமானால் எஸ்.எஸ்.ஸில், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், செய்ய வேண்டும், இரண்டு மடங்கு விலை ஆகும். ராஜபாளையத்துக்கு முடி குட்டை, முழங்கை எலும்பு நேராகத் தரையில் படும். வெறும் ட்ரேயில் படுத்து ஆறாவது மாதமே முழங்கையில் காய்ப்பு வந்துவிட்டது, அதைக் கவனித்துக் கெட்டியான மெத்தை போட்டது ஏழாவது மாதம். மெத்தையின் கனத்தையும் உயரக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. இங்கே இடம் இருந்ததால் தப்பித்தோம், 48 இஞ்ச் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து இடித்திருக்கும்.

நேரக் கணக்கை இப்போது வாயால் சொல்வதில்லை. ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேலேயே ஒட்டிவிட்டு வருகிறேன்.

அந்த 24 இஞ்ச் கூண்டு என்ன ஆனது என்று கேட்டேன். தோட்டத்தில் கோழிக்குஞ்சு அடைக்க வைத்திருக்கிறார்களாம். "அதுக்கு சரியான சைஸுங்க தம்பி" என்றார் பெரியவர்.